அறுபதில் ஓடிய பந்து

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். பெரம்பலூரில் இருந்துகொண்டு, குவைத்தில் இருக்கிற அப்பாவை எப்போதாவது லீவில் வரும்போது மட்டும் பார்த்து, அவர் எனக்கென்று அனுப்பிய ஒரே ஒரு பொருளையும் அத்தை மகனிடம் பறிகொடுத்தவளுக்கு மூக்கு நுனியில் வேறென்ன உட்காரும்? மூக்குத்தியா?

அந்தப் பொருள் ஒரு வீடியோ கேம் பெட்டி. டிவியில் வயரை மாட்டி, சிடி போட்டு ஆடுவது. அதற்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் கேசட் போட்டு ஆடுகிற பழைய கேம் இருந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கிடப்போம். என் முறை வருகிற நேரம் பார்த்து அந்த வீட்டம்மா சீரியலுக்கு மாற்றிவிடுவார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கேம் சென்டர் இருந்தது. அங்கே பையன்கள்தான் போவார்கள். ஒரு பெண் பிள்ளை அங்கே போய் நின்றால் மறுநாள் என்ன பேச்சு வரும் என்பது அம்மாவுக்குத் தெரியும், அதனால் எனக்கும் தெரியும். அப்பாவிடம் போனில் அழுதேன். நான் எட்டாவது படித்தபோது, ஊருக்கு வந்த அவருடைய அறை நண்பர் ஒருவர், பழைய போர்வையில் சுற்றி அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் கொடுத்தார்.

சிடியைப் போட்டதும் திரையில் முதல் கேள்வியே இதுதான்: ஐம்பதா, அறுபதா? எதில் ஐம்பது, எதில் அறுபது என்று யாருக்குத் தெரியும். பரீட்சையில் ஐம்பதைவிட அறுபது நல்லது என்பது மட்டும் தெரியும். அறுபதை அமுக்கினேன். கலர் போய்க் கறுப்பு வெள்ளையானது. படம் கீழிருந்து மேலாகச் சுற்றிக்கொண்டே போனது, நிற்கவே இல்லை. டிவியின் தலையில் தட்டினேன், பக்கவாட்டில் தட்டினேன். அம்மா என் முதுகில் தட்டினார். விற்றவர் உடைந்த பெட்டியை அப்பா தலையில் கட்டிவிட்டார் என்றே முடிவு செய்துவிட்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அம்பது, அறுபதுன்னு கேட்டுச்சா? நம்ம வூட்டு டிவி பழசும்மா, அதுக்கு அறுபது ஒத்துக்காது. அம்பதே வச்சுக்க. அறுபது பக்கமே போவாத."

ஐம்பது வைத்தேன். படம் நின்றது, கலரும் வந்தது. மேலேயும் கீழேயும் மட்டும் கறுப்புப் பட்டை ஒன்று விழுந்தது. நடுவில் ஆட்கள் எல்லாம் தலையில் அமுக்கிவிட்ட மாதிரி குட்டையாகத் தெரிந்தார்கள். "என்னடி இது, ஒருத்தன்கூட வளத்தியா இல்ல" என்று அம்மா கேட்டார். எனக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. அதற்குப் பிறகு அறுபதை நான் தொட்டதே கிடையாது.

பெட்டியோடு வந்த சிடியில் ஒன்று கிரிக்கெட். அதில் பேட்டிங் செய்வதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். பந்து போடுகிறவன் ஓடத் தொடங்கியதும் மைதானத்துக் கூட்டத்தில் ஒரு மேளம் கிளம்பும். நாலாவது அடி விழுகிறபோது பந்து அவன் கையை விட்டுப் போகும். அடுத்த அடியில் பட்டனை அமுக்கினால் பந்து கயிற்றுக்கு வெளியே. நான் பந்தையே பார்க்க மாட்டேன், மேளத்தைக் கேட்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீட்டு வேலை முடித்து, கரண்டு இருக்கிற நேரமெல்லாம் ஆடினேன். என்னோடு ஆட வந்த தோழிகள் எல்லாரும் தோற்றார்கள். ஒருத்தி என்னிடம் கொஞ்ச நாள் பேசாமல்கூட இருந்தாள். அவ்வளவு நன்றாக ஆடினேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

மறு வருடம் கோடையில் அப்பா லீவில் வந்தார். வந்ததே காது குத்துக்காகத்தான்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அரியலூரில் வாக்கப்பட்ட அத்தைக்கு ஒரே மகன். மாமன் என்று இருப்பது என் அப்பா ஒருவர்தான். ஒரு தடவை அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த தடவை லீவில் வந்த நேரம் பங்காளி வீட்டில் சாவு விழுந்து, தீட்டு என்று நின்றுபோனது. இப்படியே தள்ளித் தள்ளிப் பையனுக்குப் பதினோரு வயதாகிவிட்டது. போன் போட்டால் போதும், "எம் புள்ள காது மாமன் மடிக்காகக் காத்துக் கெடக்கு அண்ணே" என்று அத்தை ஆரம்பித்துவிடுவார். அப்பாவுக்கு அதைக் கேட்டாலே தலை குனிந்துவிடும் என்பது அம்மா சொல்லி எனக்குத் தெரியும்.

செட்டிகுளம் மலைக் கோயிலில் வைத்தார்கள். அப்பா மோதிரம், வேட்டி சட்டை, தட்டு வரிசை என்று ஒரு குறையும் வைக்கவில்லை. அத்தை மகன் அப்பா மடியில் உட்கார்ந்தபோது அவன் குதிகால் இரண்டும் தரையில் பாவியிருந்தது. அவ்வளவு பெரிய ஆள். முதல் காதை ஆசாரி குத்தியதுகூட அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகு இரண்டாவது காதை விடவே மாட்டேன் என்று ஆசாரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டான். நல்ல நேரம் போகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

அப்பா அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். "அழுவாத சாமி. ஒனக்கு என்ன வேணும் சொல்லு, மாமா தரேன்."

அவன் அழுகையை நிறுத்தவில்லை, ஆனால் பதில் மட்டும் தெளிவாக வந்தது. "மாமா வூட்டு கேம் வேணும்."

கூட்டம் சிரித்தது. அப்பா ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சாமி முன்னால கேட்டுட்டான் அண்ணே" என்றார் அத்தை.

"சரிடா, ஒனக்குத்தான்" என்றார் அப்பா. பையன் கையை எடுத்தான். இரண்டாவது காதும் முடிந்தது.

"அது என்னோடது" என்று நான் சத்தமாகச் சொன்னேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் திரும்பி, ஏதோ சந்நிதியில் செருப்போடு நிற்கிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அந்தக் கோயில் முருகன் கையில் கரும்பு வைத்திருப்பார். யானை வாயில் போன கரும்பு திரும்பாது என்பார்கள். என் கரும்பு அங்கேயே போய்விட்டது, எனக்குத்தான் அப்போது தெரியவில்லை.

அடிவாரத்து மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தபோது அம்மா ஆரம்பித்தார். "மாமன் சீருன்னா மோதிரம், துணிமணி. அதெல்லாம் வச்சாச்சுல்ல. பெத்த புள்ள கையில இருக்கறதப் புடுங்கிக் குடுக்கறது எந்த ஊரு மொறைங்க?"

"அங்க போயி இவளுக்கு இன்னொண்ணு வாங்கி அனுப்பறேன்" என்றார் அப்பா.

"அப்ப அந்த இன்னொண்ண அவனுக்கு அனுப்புங்க" என்றேன். இதில் என்ன தப்பு என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அப்பா சாம்பாரை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். நாலு பேர் சண்டை போட்டால் நடுவில் போய்ப் பஞ்சாயத்து செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பாயசத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "எதுக்கு மச்சான் சங்கடம்? வர்ற ஞாயித்துக்கெழம எப்படியும் எங்க வூட்டுக்கு விருந்துக்கு வரீங்க. அந்தப் பொட்டியையும் எடுத்துட்டு வாங்க. ரெண்டு பேரும் ஒரு கிரிக்கெட்டு ஆடட்டும். ஜெயிக்கறவங்க வூட்ல இருக்கட்டும். என்ன மருமவளே?"

அவர் முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று பாடத்தில் படித்தது வீணாகப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அரியலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அப்பா. அம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வந்து ஜன்னல் வழியாகப் புழுதியை அப்பின. பெட்டியில் படாமல் துப்பட்டாவைப் போட்டு மூடிக்கொண்டேன்.

"பயமா இருக்கா?" என்றார் அப்பா.

"எனக்கென்ன பயம்? அவன் காது ஆறறதுக்குள்ள இன்னொரு தடவ அழ வச்சுடறேன்."

அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அத்தை வீட்டில் புதிதாக ஃபிளாட் டிவி வாங்கியிருந்தார்கள். விருந்து முடிந்ததும் எல்லாரும் அதன் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அத்தை மகன் காதில் மஞ்சளும் எண்ணெயும் வழிய, ராஜா மாதிரி நடுவில் உட்கார்ந்து வயரை மாட்டினான். கேள்வி வந்தது. அவன் விரல் அறுபதுக்குப் போனது.

"அறுபது வைக்காத, படம் ஓடும்" என்று கத்தினேன்.

"அதெல்லாம் ஓடாது. எங்க ஊரு கேம் சென்டர்ல இந்த ஆட்டத்துக்கு எப்பவும் இதான் வைப்போம்." அமுக்கினான்.

படம் ஓடவில்லை. கறுப்புப் பட்டை இல்லாமல் திரை முழுக்க நிறைந்து நின்றது. ஆட்கள் எல்லாம் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தார்கள். புல்லின் பச்சைகூட வேறு பச்சையாக இருந்தது. ஒரு வருடமாக நான் ஆடியது இந்த ஆட்டம்தானா என்று வாயைப் பிளந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் பேட்டிங் முடித்து, நிறைய ரன் எடுத்துவிட்டான்.

என் முறை வந்தது. பந்து போடுகிறவன் ஓடத் தொடங்கினான். மேளம் கிளம்பியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்டம்ப் பறந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்தவனை இறக்கினேன். மேளம் அதே மேளம், அதே நிதானம். ஆனால் பந்துக்காரன் மேளத்துக்கு முன்னாலேயே ஓடி வந்துவிடுகிறான். நான் பட்டனை அமுக்குகிறபோது பந்து கீப்பரிடம் இருக்கிறது, இல்லாவிட்டால் ஸ்டம்ப் கீழே கிடக்கிறது. மேளத்தை விட்டுவிட்டுப் பந்தைப் பார்க்கலாம் என்றால், பந்தைப் பார்த்து ஆடி எனக்குப் பழக்கமே இல்லை. இரண்டு ஓவர் தாண்டவில்லை. எல்லாரும் அவுட்.

"வேகமா ஓடுது" என்றேன். "எங்க வூட்ல இப்படி ஓடாது. மேளம் அடிச்சு முடிக்கறதுக்குள்ள பந்து வந்துடுது. அம்பதுல வையுங்க, மறுபடி ஆடறேன்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் அத்தை. பாயில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவர் எதிரே வந்தால் எனக்கு அவரிடம் பேச நிறைய இருக்கிறது. கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால் ஆடுகிறவள் என்ன செய்வாள்? அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

மாமா பஞ்சாயத்துக் குரலில் சொன்னார்: "அறுபதுன்னா ரெண்டு பேருக்குந்தான அறுபது? ஒனக்கு மட்டும் தனியா வேற பந்தா போட்டாங்க மருமவளே?"

எனக்கு உச்சந்தலை கொதித்தது. அவர் சொன்னது நியாயம் மாதிரியே இருந்தது, அதுதான் எரிச்சல். அவன் அறுபதில் பழகினவன், நான் ஐம்பதில் பழகினவள், இரண்டு பேரையும் அறுபதில் இறக்கினால் அது எப்படிச் சமம் ஆகும்? இந்த ஒரு வரி அன்றைக்கு என் வாயில் வரவில்லை. வந்ததெல்லாம் அழுகை.

அப்பாவிடம் திரும்பினேன். "நீங்கதானப்பா போன்ல சொன்னீங்க, அறுபது பக்கம் போவாதன்னு. நீங்க சொல்லுங்கப்பா இவங்ககிட்ட."

அப்பா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "வெளையாட்டுதானம்மா. விடு."

திரும்பி வருகிற பஸ்ஸில் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா வாசலில் நின்று என் வெறும் கையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா குவைத்துக்குத் திரும்பிப் போனார். வாங்கி அனுப்புகிறேன் என்ற இன்னொன்று அடுத்த மாதம் வரும், அடுத்தவர் லீவில் வரும்போது வரும் என்று இருந்து, கடைசியில் அந்தப் பேச்சும் நின்றுபோனது. எங்கள் பெரம்பலூரை விட்டு அரியலூர்கூடத் தனி மாவட்டமாகப் பிரிந்தது, சேர்ந்தது, மறுபடி பிரிந்தது. என் பெட்டி போனது போனதுதான்.

பதினொன்றாவது படிக்கும்போது, பள்ளி வேலையாக பிரவுசிங் சென்டருக்குப் போன தோழியோடு நானும் போனேன். அவள் வேலை முடிந்து நேரம் மிச்சம் இருந்தது. தட்டுத் தடுமாறி ஐம்பது, அறுபது என்று தேடினேன். எங்கோ ஒரு வெள்ளைக்காரன் என்னைவிடக் கோபமாக எழுதி வைத்திருந்தான். ஒரு நொடிக்கு ஐம்பது தடவை படம் வரைவது ஒன்று, அறுபது தடவை வரைவது இன்னொன்று. ஆட்டத்தைச் செய்கிறவர்கள் அறுபதுக்கென்று செய்துவிட்டு, ஐம்பது டிவி வைத்திருக்கிற ஊர்களுக்கு அதையே அப்படியே தள்ளிவிடுகிறார்கள். அதனால் எல்லாம் மெதுவாக ஓடுகிறது, படமும் அமுங்கிக் கறுப்புப் பட்டை விழுகிறது. சத்தம் மட்டும் தன் வேகத்தில் போகிறது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இவ்வளவு புரிந்தது. தோழியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். கூடம் கோணல்தான் என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு அம்மாவும் நானும் அரியலூர் போனோம். டிவிக்கு அடியில் என் பெட்டி தூசி படிந்து கிடந்தது. அத்தை மகனுக்கு மீசை அரும்பியிருந்தது, வெளியே நிஜக் கிரிக்கெட் ஆடப் போய்விடுகிறானாம். "ஒரே ஒரு ஆட்டம், அம்பதுல" என்றேன். அவன் மறுக்கவில்லை. நல்ல பையன்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வருடமாகத் தொடவே இல்லை, ஆனால் மேளம் எனக்கு மறக்கவில்லை. நாலு அடி, அடுத்த அடியில் பட்டன். பந்து போய்க்கொண்டே இருந்தது. அவன் ஆடும்போது பந்து வருவதற்கு முன்னாலேயே மட்டையை வீசி வீசி அவுட் ஆனான். "என்ன இது, மாட்டு வண்டி மாதிரி வருது" என்று அவனே சொன்னான்.

அத்தையைப் பார்த்தேன். "இப்ப யாருக்கு அத்தை கூடம் கோணல்?"

"மூத்தவ ஆசப்படறாளேன்னு புள்ள விட்டுக் குடுத்துட்டான்" என்றார் அத்தை.

"இல்லம்மா, நெசமாத்தான் தோத்தேன்" என்றான் அவன்.

"பாத்தியா அண்ணி, ஒத்துக்கவே மாட்டேங்கறான். எவ்ளோ நல்ல மனசு."

இதற்கு மேல் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரம் அப்பா போன் செய்தபோது, அவரிடமாவது நிரூபித்துவிட வேண்டும் என்று மூச்சுவிடாமல் எல்லாம் சொன்னேன். ஐம்பது, அறுபது, மேளம், பிரவுசிங் சென்டர், அவன் தோற்றது. "நான் அன்னைக்கு பொய் சொல்லலப்பா. நெசமாவே வேகமாத்தான் ஓடுச்சு."

"தெரியும்மா" என்றார் அப்பா.

"என்ன தெரியும்?"

"அனுப்பறதுக்கு முன்னாடி இங்க ரூம்ல நாங்களும் அதுல ஆடிப் பாத்தோம். அறுபதுல வச்சா பந்து பறக்கும். அவன் அறுபத அமுக்குனப்பவே நீ தோத்துடுவன்னு தெரியும்."

"அப்பறம் ஏன்ப்பா சொல்லல?"

"சாமி முன்னால வாக்கு குடுத்துட்டேன். அத்தையும் எத்தன வருசமாக் காத்துக் கெடந்துச்சு. ஒங்கையிலேருந்து நானே புடுங்கிக் குடுக்க மனசு வரலம்மா. நீயாத் தோத்துட்டா..."

அம்மா பேசணுமாம் என்று சொல்லி, சமையல் கட்டில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்துவிட்டேன்.

அத்தை மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. அவன் மேல் கோபமே இருந்ததில்லை. மிச்சம் எல்லாம் அந்த வெற்றிலையின் மேல்தான், அதில் தலையைத் தூக்காமல் தடவிய சுண்ணாம்பின் மேல்தான். அது போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகும் அப்பா லீவில் வந்துகொண்டுதான் இருந்தார். கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் போனில் கேட்பார்.

"ஒனக்கு என்ன வேணும் சொல்லும்மா, அப்பா வாங்கிட்டு வரேன்."

"ஒண்ணும் வேணாம்பா" என்பேன்.